உள்ளூர் ஆட்டக்காரர் இருவர்

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மூன்று பேரும் ஓரளவு சுகம். பாப்பாவின் மூக்கு மட்டும் ஒழுகுவதை நிறுத்துவதாக இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் புதிதாக வந்த இயந்திரங்கள் உங்கள் காதில் மிச்சம் இருந்ததையும் தின்றுவிட்டதாக உங்கள் தம்பி சொன்னார். மேற்பார்வை பார்க்கிறவர்கள் காதில் பஞ்சு வைக்கக் கூடாது என்று சட்டமா? போனில் நான் கத்துவதும் நீங்கள் "என்ன? என்ன?" என்பதும் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் உபயோகமாக இருக்கிறது. அதனால் இனிமேல் கடிதம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நம் ஊருக்குக் கூடைப்பந்து அணி ஒன்று வருகிறது. பள்ளிக்கூட அணி இல்லை. சம்பளம் வாங்கி ஆடுகிற, டிவியில் காட்டுகிற பெரிய லீக் அணி. முதலாளி பெருநகரத்தில் குளியலறை டைல்ஸ் விற்கிறவர். இந்த ஊரை இதுவரை இரண்டு முறை பார்த்திருக்கிறார், இரண்டு முறையும் கார்க் கண்ணாடி வழியாக. "சின்ன ஊரு ஜனங்க ஏங்கிப்போய் கெடப்பாங்க சார், எதைக் காட்டினாலும் கைதட்டுவாங்க" என்று மேனேஜர் என் எதிரிலேயே போனில் சொல்கிறார். எதிரில் உட்கார்ந்திருப்பதும் அந்த ஜனம்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அலுவலகம் நகராட்சி உள்ளரங்கத்தில், மாடிப்படிக்கு அடியில். டைப் அடிப்பது, விண்ணப்பம் வாங்குவது, முத்திரை குத்துவது. டி-ஷர்ட் வந்த அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் பாப்பாவைப் படுக்கவைத்துக்கொள்கிறேன். பெட்டியின் மேல் 'நசுக்காதீர்' என்று அச்சடித்திருக்கிறது. அந்த அளவுக்காவது ஒரு பாதுகாப்பு.

அணிக்குப் பெயர் வைக்க ஓர் ஆலோசகர் விமானத்தில் வந்தார். சிங்கம், புலி, கழுகு, காளை எல்லாவற்றையும் மற்ற ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்களாம். மிஞ்சிய பட்டியலில் முள்ளம்பன்றியைத் தொட்டுக் காட்டினார். "நம்ம ஊர்ல முள்ளம்பன்றியே கெடையாதே சார்" என்றேன். "அதனாலதாம்மா யாருக்கும் மனத்தாங்கல் வராது" என்றார். இதற்கு ஒரு படிப்பு படித்துவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்பது அரங்கத்தைத் தர நகராட்சி போட்ட நிபந்தனை. ஏப்ரல் 29ஆம் தேதி பொதுத் தேர்வு. உங்கள் தம்பிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து முடித்ததும் நேரே மைதானத்துக்கு ஓடுகிறார். முப்பத்தொரு வயது என்று ஞாபகப்படுத்தினால், "நெட்டையனுக்கு வயசு கால்ல இருந்து ஏறி வரணும், லேட்டாகும்" என்கிறார். தேர்வுக்கு வருகிறவர்கள் இருக்கிற வேலையை ராஜினாமா செய்து, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் கொண்டுவர வேண்டும். தேர்வானால் மறுநாளே சேர வேண்டுமாம். எட்டு வருட வேலை அண்ணி. நான் சொன்னால் காதில் ஏறாது. நீங்கள் எழுதுங்கள்.

பாப்பா எழுந்துவிட்டாள். நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


மார்ச் 22

பட்டதாரி மகாராணிக்கு,

அண்ணி எழுதுவது. காதைத் தவிர எல்லா உறுப்பும் வேலை செய்கிறது. பாப்பாவின் மூக்கை ஈரத் துணியால் துடை, காய்ந்த துணியால் தேய்க்காதே. ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு துவைக்கிறவள் சொல்கிறேன், தேய்த்தால் எதுவும் போகாது.

முள்ளம்பன்றி என்று வைத்தார்களா? ஜனங்கள் முள்ளை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பார்த்துக்கொண்டே இரு.

தம்பி விஷயம். அவன் மாவட்ட அணிக்குத் தலைவனாக இருந்தவன். உனக்குக் கல்யாணம் ஆவதற்கு வெகுகாலம் முந்தி. இருபத்துமூன்று வயதில் மாநில அணிக்குக் கூப்பிட்டார்கள். அப்போது அப்பா படுத்தபடுக்கை. "போதும் ஆடினது, போய் மீட்டரைப் பாரு" என்று சொல்லி, தண்ணீர் வாரியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதனால் இந்த முறை நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் எட்டு வருட வேலையைத் தூக்கிப் போடச் சொல்கிற அளவுக்கு எனக்குக் கண் அவிந்துவிடவில்லை. நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறவள். நிஜமாகவே இடம் இருக்கிறதா, இல்லை கண்துடைப்பா என்று முகர்ந்து பார்த்து எழுது. நீ இருக்கிறது என்றால் அவனுக்கு நான் 'சரி' என்று எழுதுவேன். இல்லை என்றால் 'வேண்டாம்' என்று எழுதுவேன். அவன் என் கடிதத்துக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறான். நான் உன் கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பால் குடிக்கிற பிள்ளை வைத்திருக்கிறாய்.

அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. இப்போது ஒன்றுமில்லை. நீங்கள் சௌக்கியம்தானே?

அரங்கத்தில் பழைய சிமெண்ட் தரைக்கு மேல் மரத்தரை போடுகிறார்கள். அந்தப் பசை நாற்றம் மூக்கில் ஏறி, சோற்றில்கூட அதே வாசனை. ஜன்னலைத் திறந்தால் தூசி தரையில் ஒட்டுமாம். திறக்காவிட்டால் பாப்பா இருமுகிறாள். தரைதான் முக்கியம் என்று திறக்கவில்லை. நான் பெட்டியோடு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பம் வாங்குகிறேன்.

சீசன் டிக்கெட் விற்கிற கூத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கடை கடையாக ஏறி, "ஊர்ப்பற்று இருக்கா இல்லையா உங்களுக்கு?" என்று மேனேஜர் கேட்கிறார். இரும்புக் கடைக்காரர், "இருக்கு, அதை வீட்ல வச்சிருக்கேன்" என்றார். கடைசியில் அவரும் வாங்கிவிட்டார். பக்கத்துக் கடைக்காரன் வாங்கியிருந்தானே.

செவ்வாய்க்கிழமை ஒரு பட்டியல் டைப் அடித்தேன். அலுவலக விஷயம், வெளியே எழுதக் கூடாது.

நீங்கள் கேட்டது பற்றி. மேனேஜரிடமே கேட்டேன். "எல்லாருக்கும் சம வாய்ப்பும்மா" என்றார். உங்கள் தம்பி இப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இருக்கிறார். பாப்பா பிறந்த பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் விருப்பம்போலச் செய்யட்டும் அண்ணி.

பாப்பாவுக்குக் கீழே ஒரு பல் தெரிகிறது. கடிக்கிறாள்.

வேறு ஒன்றும் இல்லை.

தம்பி வீட்டுக்காரி


மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு எல்லோரும் நலம்.

உங்கள் தம்பி உங்களுக்கு எழுதவில்லை என்று தெரியும். எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். அவரை எடுக்கவில்லை.

நீங்கள் 'சரி' என்று எழுதிய கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போய் ராஜினாமா கொடுத்தார். விடுவிப்புக் கடிதத்தோடு என் மேஜை முன்னால் வரிசையில் நின்றார். "மேடம், நம்ம பேப்பர் சரியா இருக்கான்னு பாருங்க" என்று மற்றவர்கள் முன்னால் விளையாடினார். 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினேன். எண் எண்பத்தேழு.

தேர்வன்று நூற்று நாற்பது பேர். நெஞ்சில் எண் குத்திக்கொண்டு வெயிலில் நின்றார்கள். டிவிக்காரர்கள் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். தேர்வாளர்கள் மூன்று பேர். ஒருவர் வாயைத் துடைக்காமல் தின்றுகொண்டே இருந்தார், எண்ணெய் விரலால் தாள்களைப் புரட்டினார். ஒருவர் போனில் கார் படம் பார்த்தார். மூன்றாமவர் தூங்கவில்லை என்பதற்கு ஆதாரமாக அவ்வப்போது விசில் ஊதினார். மரத்தரையில் ஷூக்கள் கீச்சிடுகிற சத்தம் காலையிலிருந்து மாலை வரைக்கும். எலிப்பொறிக்குள் இருப்பதுபோல் இருந்தது.

எடுத்த இரண்டு பேரும் இருபது வயதுப் பையன்கள். தலைமுடியில் நிறைய ஜெல். ஒருவன் பந்தைத் தட்டும்போது நாக்கைத் துருத்திக்கொள்கிறான்.

உங்கள் தம்பி மிக நன்றாக ஆடினார் அண்ணி. அதை மட்டும் நான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கண் இல்லை என்கிறேன். அதைக் கேட்டால் கொஞ்சம் சாப்பிடுகிறார்.

இப்படிக்கு
தம்பி வீட்டுக்காரி


மே 30

என் தம்பி வீட்டுக்காரிக்கு,

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது, காய்ச்சல் இல்லை. மூன்று வாரமாக இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தப்பாகவே எண்ணினேன்.

தண்ணீர் வாரியத்தில் திருப்பி எடுப்பார்களா என்று கேட்கச் சொல். ஏற்கெனவே ஆள் போட்டிருந்தால் தினக்கூலிக்காவது கேட்கச் சொல். கூச்சப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர்கள் எண்ணெய்க் கையோடு திரிகிறார்கள்.

ஒரு முறை 'வேண்டாம்' என்று சொல்லி அவனைக் கெடுத்தேன். இந்த முறை 'சரி' என்று சொல்லிக் கெடுத்திருக்கிறேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி அனுப்பு.

நன்றாக ஆடினான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். அது போதும். உன்னைப்போல ஒருத்தி பக்கத்தில் இருந்து பார்த்தாளே, அது போதும்.

பல் முளைக்கிற பிள்ளைக்குச் சுத்தமான துணியை நனைத்துக் கடிக்கக் கொடு. கொதிக்கவைத்த துணி.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? பாப்பா தவழ்கிறாள், கண்டதை வாயில் போடுகிறாள், நான் பின்னாலேயே ஓடுகிறேன். இதற்கு நடுவில் தூக்கம் என்று ஒன்று இருந்ததாக ஞாபகம்.

தண்ணீர் வாரியத்தில் ஆள் போட்டாயிற்று. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அப்புறம் ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் நல்ல உயரம்ல? நமக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். ஒரு நிமிடம் நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அந்தாள் அலமாரியைத் திறந்து பஞ்சுத் தலையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஆமாம் அண்ணி. முள்ளம்பன்றி. இடைவேளையில் கூட்டத்தைச் சிரிக்கவைக்க ஓர் ஆள் உள்ளே புகுந்துகொள்கிற பொம்மை உடுப்பு. ஆறடி மூன்றங்குலத்துக்கு மேல் இருந்தால்தான் உடுப்பு தரையில் இழுபடாதாம். நான் வீட்டில் சொல்லக்கூட இல்லை. மேனேஜரே போன் பண்ணிவிட்டார். உங்கள் தம்பி சிரித்தார். "அணியில எடம் கேட்டேன், குடுத்துட்டாங்க" என்றார்.

துவக்க விழா போன சனிக்கிழமை. முதலாளி மேடையில், "இந்த மண்ணின் மைந்தர்கள் இருவர் நம் அணியில்!" என்று கத்தினார். மண்ணின் மைந்தர்கள் இருவரும் டயர் கடை மாடி முகவரியில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. ஹோட்டலில் இருந்து காரில் வந்து இறங்கினார்கள். நாக்கைத் துருத்துகிறவன் பாதி ஆட்டத்தில், "எந்தப் பக்கம்யா கழிப்பறை?" என்று முள்ளம்பன்றியிடம் கேட்டான். ஊரே எழுந்து நின்று இவர்களுக்குக் கை தட்டியது. இரும்புக் கடைக்காரர் உட்பட. நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம், அதற்கும் தட்டியது.

உங்கள் தம்பி குட்டிக்கரணம் போட்டார். பிள்ளைகள் முள்ளைப் பிடுங்கினார்கள். ஒருவன் குளிர்பானத்தை முள்ளம்பன்றியின் வாய்க்குள் ஊற்றினான். அந்த வாயின் வழியாகத்தான் உங்கள் தம்பி பார்க்கிறார், மூச்சு விடுகிறார். நீங்கள் சொன்னது சரி, அவர்கள் முள்ளை விட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.

உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது? ஈர நாய், புளித்த பால், பழைய செருப்பு. இவருக்கு முன்னால் வேறு எந்த ஊரிலோ வேறு எந்த மிருகத்துக்கோ உடம்பாக இருந்த உடுப்பு அது. முள்ளை மட்டும் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே யாருடைய வேர்வையோ மஞ்சளாகக் காய்ந்து கிடக்கிறது. கொல்லையில் தொங்கவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துகிறாள். உங்கள் தொழில் ஆயிற்றே, இதை எப்படித் துவைப்பது என்று சொல்லுங்கள்.

தம்பி வீட்டுக்காரி


ஆகஸ்ட் 12

தம்பி வீட்டுக்காரிக்கு,

பஞ்சைத் தண்ணீரில் முக்காதே. முக்கினால் ஒரு வாரத்துக்குக் காயாது, உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். மேல் துணியைக் கழற்ற முடிந்தால் கழற்றி வெந்நீரில் போடு. பஞ்சுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, உட்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, வெயிலில் இரண்டு நாள். தலைக்குள் சமையல் சோடாவைக் கொட்டி வைத்து மறுநாள் தட்டு. அவன் உள்ளே பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு சட்டை. தோலில் சிவப்பாகத் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் காட்டு. விளையாட்டில்லை.

ஒரு கேள்வி. அந்தப் பையன்களுக்கு டயர் கடை மாடி முகவரி என்பது உனக்கு எப்படித் தெரியும்?

எப்போது தெரியும்?

அண்ணி


செப்டம்பர் 28

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. அலமாரியில் மடித்த துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். என் தட்டில் இருந்ததை எழுதவில்லை.

ஏப்ரலில் செவ்வாய்க்கிழமை டைப் அடித்த பட்டியல் பன்னிரண்டு ஆட்டக்காரர்களுடையது. பதினொன்றாவது முதலாளியின் தங்கை மகன். பன்னிரண்டாவது அவனுடைய சிநேகிதன். இரண்டு பேர் பெயருக்கும் நேரே டயர் கடை மாடி முகவரி. ஆறு மாதமாக அங்கே குடியிருப்பதாகச் சான்றும் இணைத்திருந்தது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால். "அப்புறம் தேர்வு எதுக்கு சார்?" என்று கேட்டேன். "டிவில கூட்டம் காட்டணும்மா. ஆசையோட வர்ற கூட்டம்னா முகமே தனி" என்றார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் உங்களுக்கு எழுதினேன். பத்து நாள் கழித்து அவருடைய கடிதத்தில் முத்திரை குத்தினேன். என் கையால், மேல் பக்க மூலையில், கோணாமல்.

வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். அவரிடம் அடுக்களையில் காதோடு சொன்னால் எந்த ஒப்பந்தம் எட்டிப் பார்க்கப்போகிறது?

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று என்று எழுதினேனே. அது வெறும் காய்ச்சல் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் விறைத்து, உதடு நீலமாகி. நான் தனியாக இருந்தேன். இவருக்கு ஒன்பது தடவை போன் அடித்தேன். பையில் வைத்துவிட்டுப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். செருப்பில்லாமல் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். சாயங்காலம் வந்து அழுதார். மறுநாள் மறுபடியும் மைதானத்துக்குப் போனார்.

தேர்வாகிவிட்டால் ஆறு மாதம் ஊர் ஊராகப் போவார். நானும் பாப்பாவும் அந்த வீடும். போகாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் நானும் உங்களைப்போல ஒரு தடுத்தவள் ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை அண்ணி. அப்பாடா என்றிருந்தது. வேறு யாரோ அவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், என் கை சுத்தமாக இருக்கும். அவருடைய வேலை போகும் என்று தெரியாதா? தெரியும். அன்றைக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

டைல்ஸ்காரர், மேனேஜர், எண்ணெய்க் கை எல்லோரையும் பற்றிக் குமட்டலோடு எழுதினேன். அவர்கள் யாருக்கும் அவர் யாரென்றே தெரியாது. எனக்குத் தெரியும்.

நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.


அக்டோபர் 9

நீ எழுதிய கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். விலாசம் தப்பு.

எனக்கு எழுதி என்ன? நான் திட்டினால் உன் பாரம் குறையும். மன்னித்தால் உனக்குத் தூக்கம் வரும். அவனுக்கு என்ன வரும்? ஐந்து மாதமாக, தான் ஆடியது போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருவன் நாற்றத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான். நூற்று நாற்பது பேரில் தான் மூன்றாவதா, நூற்று நாற்பதாவதா என்று ராத்திரி பகல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான், எனக்குத் தெரியும். போட்டியே நடக்கவில்லை என்று அவனிடம் சொல்.

'சரி' என்று எழுதிய கை என்னுடையது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வலிப்பு வந்ததை எனக்கு எழுதியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். அதை ஏன் எழுதவில்லை என்றுதான் எனக்கு ஆறவில்லை. காய்ச்சல் ஏறினால் ஈரத் துணியால் உடம்பு முழுக்கத் துடை, போர்த்தாதே. மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, உடனே டாக்டரிடம் தூக்கு.

உறையில் நான் பெயர் எழுதவில்லை. நீயே எழுது.


நவம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா நலம். மூன்று பல். நிற்கப் பார்க்கிறாள். இந்தக் கடிதம் வரும்போது உங்கள் தம்பியும் அங்கே இருப்பார் என்று நினைக்கிறேன். அவர் சொல்லியிருந்தாலும் நான் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, கழன்ற முட்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். உறையில் பெயர் எழுதிக் கொடுத்தேன். "என்னது, வீட்டுக்குள்ளயே தபாலா?" என்று சிரித்தார். படித்தார். இரண்டாவது தாளைத் திருப்பி முதலிலிருந்து மறுபடியும் படித்தார். விரலில் ஒட்டியிருந்த பசையோடு தாளும் ஒட்டிக்கொண்டது, மெதுவாகப் பிய்த்து எடுத்தார். திட்டுவார் என்று நின்றேன். வலிப்பு வந்த அன்றைக்கு ஒன்பது தடவை போன் வந்திருந்ததை அவர் அப்போதே பார்த்திருக்கிறார். அதைப் பற்றி, "அது என் தப்பு" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் கேட்டார். "பட்டியல் கெடக்கட்டும். அன்னைக்கு நான் நல்லா ஆடினேனா?"

நான் குனிந்து, படியில் சிதறியிருந்த முட்களைப் பொறுக்கினேன்.

"நல்லா ஆடினேன்னு சொன்னியே. தெனமும் சொன்னியே."

"பாக்கலைங்க" என்றேன்.

"என்ன பாக்கல?"

"நான் பாக்கல. எண்பத்தேழுன்னு கூப்பிட்டப்போ பாப்பாவைத் தூக்கிட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள போய்ட்டேன். பாக்க முடியல. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

உங்களுக்கு எழுதிய அந்தக் கடிதத்திலும் இதை நான் எழுதவில்லை அண்ணி. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். இதை எழுதாததுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர், "அப்ப யாருமே பாக்கல" என்றார். அவ்வளவுதான். ஒட்டி முடித்த முட்களை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்தார்.

அன்று மாலை ஆட்டம் இருந்தது. போகமாட்டார் என்று நினைத்தேன், போனார். இடைவேளையில் பாட்டுப் போட்டார்கள். முள்ளம்பன்றி நடு மைதானத்துக்கு வந்து நின்றது. ஆடவில்லை, கரணம் போடவில்லை, கை அசைக்கவில்லை. பிள்ளைகள் ஓடி வந்து முள்ளைப் பிடித்து இழுத்தார்கள். நின்றது. ஒருவன் காலில் உதைத்தான். நின்றது. முதலில் ஒரு பக்கத்தில் சிரித்தார்கள், அப்புறம் இன்னொரு பக்கத்தில். பிறகு அரங்கம் முழுக்க எழுந்து கை தட்டியது. ஏதோ புது வித்தை என்று நினைத்துவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடமும் நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் ஓடி வந்து முள்ளம்பன்றியின் முதுகில் தட்டினார். "சூப்பர்யா! அடுத்த மேட்ச்லயும் இதே மாதிரி நில்லு" என்றார். உங்கள் தம்பி உடுப்பைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நனைந்த சட்டையோடு வெளியே நடந்தார். மறுநாள் நானும் அந்த வேலைக்குப் போகவில்லை.

மூன்று நாள் பாப்பாவோடு மட்டும் பேசினார். இன்று காலை, "அக்காவைப் பாத்துட்டு வரேன்" என்று பஸ் ஏறினார். எப்போது வருவார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் ஆகி மூன்று வருடம். ஒரு தடவைகூட அவர் ஆடி நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எப்படி ஆடுவார்? எந்தக் கையால் பந்து போடுவார், விழுந்தால் எப்படி எழுந்திருப்பார், ஜெயித்தால் என்ன செய்வார்? எழுதுங்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் தம்பி வீட்டுக்காரி என்று எழுதலாமா?


நவம்பர் 12

தம்பி வீட்டுக்காரிக்கு,

வந்து சேர்ந்தான். சாப்பிடுகிறான், தூங்குகிறான். கழுத்தில் சிவப்பாகத் தடித்திருக்கிறது, மருந்து போட்டிருக்கிறேன். என் காது கேட்காதது வசதியாக இருக்கிறது. அவன் பேசவில்லை என்று எனக்கும் தெரியாது, நான் கேட்கவில்லை என்று அவனுக்கும் தெரியாது.

நீ கேட்டதை எழுதமாட்டேன். எழுதினால் நீ அதைப் படித்துவிட்டு, நாளைக்கு அவனிடம் பார்த்தவள்போலச் சொல்லுவாய். சொல்லமாட்டேன் என்பாய், சொல்லுவாய். நானும் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், விரிப்பு காயப்போடுகிற இடத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் தரை இருக்கிறது. வளையம் துருப்பிடித்தது, வலை கிடையாது. சலவைக்கூடத்து ஆட்கள் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பந்து தட்டுவார்கள். ஒருவனுக்கும் ஆடத் தெரியாது. போன சனிக்கிழமை இவன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டான். வருகிற சனிக்கிழமை என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது.

பத்து மணி பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். பிள்ளைக்கு இரண்டு மாற்றுத் துணி போதும், மிச்சம் இங்கே துவைத்துக்கொள்ளலாம். நீ வருவதை அவனிடம் நான் சொல்லப்போவதில்லை. அவன் ஆடாவிட்டாலும் உட்கார்ந்து பார்.

அண்ணி